தோல்ஸ்தோயின் ‘புத்துயிர்ப்பு’: உயிர்த்தெழுதலின் பொருள் பற்றிய ஒரு மறுநோக்கு

லியோ தோல்ஸ்தோயின் கடைசிப் பெருநாவல் 1899 ஆம் ஆண்டில் ‘நீவா’ என்னும் ருஷ்ய வார இதழிலே தொடராக வெளிவந்தது. சோவியத் வெளியீடுகளின் வழியாக ருஷ்ய இலக்கியத்தைப் பயின்ற தமிழ் வாசகர், ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பில், அதனைப் ‘புத்துயிர்ப்பு’ என்னும் பெயராலேயே அறிவர். பெயர் அழகியது, பொருத்தமுடையது போலவும் தோன்றுவது. ஆயினும் மூலத்தின் தலைப்பிலுள்ள ஒன்றனை அது மறைத்துவிடுகின்றது. தோல்ஸ்தோய் இட்ட பெயர் ‘வஸ்கிரிசேனியே’ என்பதாகும். கிறிஸ்து மரித்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தமையைக் குறிக்க ருஷ்ய வைதிகத் திருச்சபை வழங்கும் சொல் அதுவே. அச்சொல்லே, எழுத்தில் ஒரு சிறு வேறுபாட்டுடன், ருஷ்ய மொழியில் ஞாயிற்றுக்கிழமைக்கும் பெயராகும். எனவே 1899 இல் அவ்விதழைக் கையிலெடுத்த ருஷ்ய வாசகனுக்கு அத்தலைப்பு பாஸ்காப் பெருவிழாவின் மணியோசையோடு சேர்ந்தே ஒலித்திருக்கும். ‘புத்துயிர்ப்பு’ என்னும்போது அம்மணியோசை நின்றுவிடுகின்றது. ஒரு மனிதன் திருந்திப் புதுவாழ்வு பெற்றான் என்னும் அறவியற் பொருள் மாத்திரமே எஞ்சுகின்றது.

இதனை மொழிபெயர்ப்பாளரின் குறையென்று கொள்ளுதல் நியாயமன்று. தோல்ஸ்தோய் தாமே வேண்டி நின்ற பொருளும் அதுதான். 1880 களின் தொடக்கத்தில் நான்கு சுவிசேஷங்களையும் ஒன்றிணைத்துத் தாமே மொழிபெயர்த்துச் சுருக்கியபோது, இயேசு சிலுவையில் உயிர்விட்ட இடத்தோடு அச்சுருக்கத்தை அவர் நிறுத்திக்கொண்டார். வெறுங்கல்லறையும் அதன் பின்வரும் காட்சிகளும் அவருடைய சுவிசேஷத்தில் இடம்பெறவில்லை. 1884 ஆம் ஆண்டளவில் முடித்த ‘எனது நம்பிக்கை’ என்னும் நூலிலே, உயிர்த்தெழுதலைக் குறிப்பனவாகக் கொள்ளப்படும் கிரேக்கச் சொற்கள் எழுந்து நிற்றல், விழித்தல் என்பவற்றையே உணர்த்துவன என்றும், தனிமனிதன் இறந்தபின் உடலோடு மீண்டும் எழுவான் என இயேசு போதித்ததில்லை என்றும் வாதிட்டார். 1901 பெப்ரவரியில் ருஷ்யத் திருச்சபையின் பரிசுத்த சினோட் அவரைத் திருச்சபைக்குப் புறம்பானவர் என அறிவித்தபோது, அவர்மீது சாட்டப்பட்ட மறுப்புகளுள் கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலை மறுத்தமையும் ஒன்றாகும். அக்குற்றச்சாட்டிற் பொய் இல்லை.

இங்கே ஒரு வினா எழுகின்றது. உயிர்த்தெழுதலை மறுத்தவர் தமது நாவலுக்கு அதன் பெயரையே ஏன் இட்டார்? சிந்தனையாளராகிய அவர் மறுத்தது எதனை? கலைஞராகிய அவர் கைவிட முடியாது போனது எதனை?

முற்போக்கு எண்ணங் கொண்ட எமக்கு இவ்வினாவைத் தட்டிக்கழிக்க எளிய வழியொன்று உண்டு. 1908 இல் லெனின் எழுதிய ‘ருஷ்யப் புரட்சியின் கண்ணாடியாக லியோ தோல்ஸ்தோய்’ என்னும் புகழ்பெற்ற கட்டுரை, தோல்ஸ்தோயின் முரண்பாடுகளைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. ஒருபுறம் ஈடிணையற்ற யதார்த்தவாதக் கலைஞர், மறுபுறம் கிறிஸ்துப் பித்துக் கொண்ட நிலவுடைமையாளர். அம்முரண்பாடு தனியொருவரின் மனக்கோளாறன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் கூற்றில் ருஷ்ய விவசாய வர்க்கம் நின்ற முரண்பட்ட நிலையின் பிரதிபலிப்பு என்பது லெனினின் முடிபு. அம்முடிபை நாம் ஏற்கின்றோம். ஆயின் அதனை வாய்பாடாக்கி, கலையை எமக்கென எடுத்துக்கொண்டு சமயத்தைப் பாதிரிமாருக்கு விட்டுவிடும் வழக்கத்தை ஏற்பதற்கில்லை. இந்நாவலைப் பொறுத்தவரை கலைக்கும் சமயத்துக்கும் இடையிலே கோடு கிழிக்க இயலாது. உயிர்த்தெழுதல் என்னும் கருத்தின் உள்ளேயே ஒரு பிளவு உண்டு. நாவலின் பிளவும் அதுவே என்பதை இங்கு நிறுவ முயல்கின்றோம்.

உயிர்த்தெழுதல் பற்றிய நம்பிக்கை முதன்முதலில் எவ்வினாவுக்கு விடையாகத் தோன்றியது என்பதை முதலில் நோக்குவோம். ஆன்மா அழிவற்றது என்னும் தத்துவக் கருத்தோடு அதற்கு நெருங்கிய உறவில்லை. எபிரேய வேதாகமத்தின் பெரும்பகுதி இறந்தோர் எழுவது பற்றிப் பேசுவதேயில்லை. கி.மு. 167 தொடக்கம் 164 வரை செலூக்கிய அரசனான நான்காம் அந்தியோக்கஸ் யூத சமயத்தை ஒடுக்கிய காலச் சூழலிலேதான், தானியேல் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், அது தெளிவாகத் தலைகாட்டுகின்றது. அக்கொடுமையையே பொருளாகக் கொண்ட மக்கபேயர் இரண்டாம் நூலின் ஏழாம் அதிகாரத்தில் ஒரு தாயின் ஏழு புதல்வரும் ஒருவர்பின் ஒருவராக அரசன் முன்னிலையில் வதைத்துக் கொல்லப்படுகின்றனர். அவர்களுள் ஒருவன் துண்டிக்கப்படுவதற்காகத் தன் கைகளை நீட்டிக்கொண்டே, இவற்றைத் தந்தவரிடமிருந்து இவற்றைத் திரும்பப் பெறுவேன் என்று கூறுகின்றான். இங்கே பேசப்படுவது ஆன்ம ஈடேற்றமன்று, வெட்டப்பட்ட கைகள். அறநெறி நின்றவன் துண்டாடப்பட்டுக் கிடக்கிறான், துண்டாடியவன் அரியணையில் வீற்றிருக்கிறான் என்பதோடு கணக்கு முடிந்துவிடுமாயின், நீதி என்னும் சொல்லுக்குப் பொருள் யாது? உயிர்த்தெழுதல் என்பது இவ்வினாவின் வயிற்றிற் பிறந்தது.

சிலுவை மரணமும் அவ்வாறே நோக்கற்பாலது. உரோமப் பேரரசிலே சிலுவை, அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனையாக இருந்தது. ஸ்பார்ட்டகஸ் தலைமையிலான அடிமைகளின் எழுச்சி முறியடிக்கப்பட்ட பின்னர், கி.மு. 71 இல் ஆறாயிரம் பேர் அப்பியன் பெருவீதியின் ஓரமாகச் சிலுவையில் அறையப்பட்டனர். அந்தத் தண்டனையைத்தான் பொந்தியு பிலாத்து நாசரேத்தூர் இயேசுவுக்கும் வழங்கினான். ஆகவே அப்போஸ்தலர் நடபடிகளிற் காணும் ஆதிப் பிரசங்கங்கள் யாவும் ஒரே அமைப்பினைக் கொண்டிருத்தல் வியப்பன்று: நீங்கள் அவரைக் கொன்றீர்கள், கடவுளோ அவரை எழுப்பினார். இது வழக்குமன்றத்தின் மொழி. கீழ்மன்று வழங்கிய தீர்ப்பை மேல்மன்று தள்ளுபடி செய்துவிட்டது என்பதே அச்செய்தியின் சாரம். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில், ஏறத்தாழக் கி.பி. 55 இல், பவுல் இதனை மேலும் விரித்துரைக்கின்றார். கிறிஸ்துவை அவர் முதற்கனி என்று உருவகிக்கின்றார். முதற்கனி என்பது தனித்து நிற்கும் அற்புதமன்று. பின்னால் ஓர் அறுவடை முழுவதும் வரவிருக்கின்றது என்பதன் அடையாளமாகும். இறந்தோர் பொதுவில் எழுப்பப்படுவதில்லையெனின் கிறிஸ்துவும் எழுப்பப்படவில்லை என்று அவர் தருக்கிக்கும் திசையும் ஊன்றி நோக்கத்தக்கது. ஒருவருக்கு மாத்திரம் நேர்ந்த உயிர்ப்பு அவருக்கு உயிர்ப்பே அன்று.

இக்கூட்டுப் பொருளைக் கிழக்குத் திருச்சபையின் ஓவிய மரபு பேணிக் காத்துள்ளது. மேற்கத்திய மரபில், பியரோ தெல்லா பிரான்செஸ்கா சான்செபொல்குரோ நகரிலே தீட்டிய பதினைந்தாம் நூற்றாண்டுச் சுவரோவியத்திற்போல, கிறிஸ்து கையிற் கொடியுடன் தனியே கல்லறையிலிருந்து எழுகின்றார். காவலர் கீழே உறங்குகின்றனர். கான்ஸ்தாந்திநோப்பிளின் கோரா ஆலயத்திலுள்ள பதினான்காம் நூற்றாண்டுச் சுவரோவியமோ வேறானது. பாதாளத்தின் கதவுகள் தகர்ந்து காலடியிற் கிடக்க, கிறிஸ்து ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் அவர்தம் கல்லறைகளிலிருந்து இழுத்தெடுக்கின்றார். ருஷ்யத் திருச்சபையின் உயிர்ப்புத் திருவுருவங்களும் இம்மரபினவே. தோல்ஸ்தோய் பிறந்து வளர்ந்த திருச்சபை இது.

யோவான் சுவிசேஷத்தின்படி, உயிர்த்தெழுந்த உடலிலே ஆணித் தழும்புகள் மறையவில்லை. நிகழ்ந்த கொடுமை நிகழாததுபோல் ஆக்கப்படவில்லை என்பதே அதன் கருத்து. 2019 ஏப்ரல் 21 ஆம் நாளின் பின்னர், இலங்கையில் வாழும் எமக்கு இது நூலறிவு மாத்திரமன்று. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் உயிர்த்த ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடியிருந்த மக்கள் நடுவே குண்டுகள் வெடித்தன. விடுதிகளில் இறந்தோரையும் சேர்த்து 250 க்கும் மேற்பட்டோர் அன்று கொல்லப்பட்டனர். கட்டுவாப்பிட்டிய ஆலயத்திலே குருதி தெறித்து நின்ற உயிர்த்த கிறிஸ்துவின் சுரூபத்தின் நிழற்படத்தை அறியாதார் இலர். தாக்குதல் பற்றிய முன்னெச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாதிருந்த முன்னாள் ஜனாதிபதியும் அதிகாரிகளும் நட்டஈடு செலுத்தவேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நட்டஈடு உயிரோடிருப்பவர்க்கு வழங்கப்படுவது. இறந்தோருக்குச் செலுத்தவேண்டியதை எந்த மன்று நிர்ணயிக்கும் என்னும் வினா, தானியேலின் காலத்தில் இருந்தவாறே இருக்கின்றது. இவ்வினாவைக் கையில் வைத்துக்கொண்டே நாவலுக்குள் நுழைய விரும்புகின்றோம்.

நாவலின் விதையும் ஒரு வழக்குத்தான். சட்ட அறிஞர் அனத்தோலி கோனி 1887 இல் தோல்ஸ்தோயிடம் ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கூறினார். யூரராக அமர்ந்த இளைஞனொருவன், குற்றஞ்சாட்டப்பட்டு நின்றவள் தன்னாற் கெடுக்கப்பட்ட பெண்ணே என்பதைக் கண்டு அவளை மணக்க முன்வருகின்றான். மணம் நிகழுமுன்னரே அப்பெண் சிறையிற் காய்ச்சல் கண்டு இறந்துபோகின்றாள். உண்மை வாழ்வு அவளைக் கொன்றுவிட்டது. தோல்ஸ்தோய் அவளைச் சாகவிடவில்லை. நாவலை எழுதுவதற்கு அவருக்குப் பத்தாண்டு பிடித்தது.

கத்யூஷா மாஸ்லவா நிறுத்தப்படும் நீதிமன்றத்தை வருணிக்கையில், அதன் மூலையொன்றிலே முள்முடி தரித்த கிறிஸ்துவின் திருவுருவம் தொங்குவதை ஆசிரியர் குறிப்பிட்டுச் செல்கின்றார். அநீதியாகத் தீர்ப்பிடப்பட்ட ஒருவரின் படத்தின் கீழ் அநீதியான தீர்ப்பொன்று வழங்கப்படுகின்றது. யாருக்கும் அவள்மேல் பகையில்லை. நீதிபதிக்கு நேரத்தோடு புறப்படவேண்டியிருக்கிறது. யூரர்கள் களைத்துப்போய், கொலைசெய்யும் நோக்கமின்றி என்னும் தொடரைத் தம் முடிவிற் சேர்க்க மறந்துவிடுகின்றனர். அச்சிறு மறதியின் விலை நான்காண்டுக் கடூழியம். மேன்முறையீடு செனற் சபையிலே தள்ளப்படுவதும் இவ்வகையானதே. அதனைத் தள்ளுவதற்குத் துணைநிற்பவருள் ஒருவர் டார்வினிய நாத்திகர். ஒரு பிரபு இப்படிப்பட்டவளை மணக்க விரும்புவது அவருக்கு அருவருப்பைத் தருகின்றது. பகுத்தறிவு மாத்திரம் ஒருவரை நீதியின் பக்கம் நிறுத்திவிடும் என்று எண்ணுவோர் அப்பக்கங்களை மீண்டும் படித்தல் நன்று.

இனி, நாவலின் இதயமென நாம் கருதும் பாஸ்கா இரவுக் காட்சிக்கு வருவோம். படைக்குச் செல்லும் வழியில் அத்தைமாரின் பண்ணையிலே தங்கும் நெஹ்லூதவ், நள்ளிரவு வழிபாட்டுக்குக் குதிரையேறிச் செல்கின்றான். ஆலயம் நிறைய விவசாயிகள், மெழுகுதிரி ஒளி, வெள்ளை ஆடையும் நீல இடைக்கச்சையும் அணிந்து, கருங்கூந்தலிற் சிவப்பு நாடா முடிந்த கத்யூஷா. வழிபாடு முடிந்து வெளியே வருகையில், உயிர்த்த கிறிஸ்துவை வாழ்த்தி ஒருவரையொருவர் மும்முறை முத்தமிடும் ருஷ்ய வழக்கப்படி யாவரும் முத்தமிட்டுக்கொள்கின்றனர். மூக்கிருந்த இடத்திலே சிவந்த புண் மாத்திரமே எஞ்சியிருக்கும் பிச்சைக்காரனொருவன் கத்யூஷாவை அணுகுகின்றான். அவள் அவனுக்கு ஏதோ கொடுத்துவிட்டு, அருவருப்பின் சாயலும் இன்றி, மகிழ்ச்சி பொங்கும் கண்களோடு மும்முறை முத்தமிடுகின்றாள்.

இக்காட்சியை எழுதியவர் பாஸ்காவைக் கட்டுக்கதை என்று கருதியவர் என்பதை நம்புவது கடினம். எஜமானின் மருமகன், பணிப்பெண், குடியானவர், நோயாற் சிதைந்த பிச்சைக்காரன் ஆகிய எல்லோரும் அந்தச் சில நாழிகை ஒரே முத்தத்தின் வட்டத்துள் நிற்கின்றனர். வர்க்கப் பேதம் ஒழிந்த சமுதாயத்தின் கணநேரத் தோற்றம் அது. மறுநாளே அது கலைந்துவிடுமென்பதை ஆசிரியர் அறிவார். ஏனெனில் அம்முத்தம் நிகழ்ந்த முற்றத்தைச் சுற்றியுள்ள நிலமெல்லாம் இன்னும் அத்தைமாருடையது. அடுத்த இரவில், ஆற்றிலே பனிக்கட்டி உடையும் ஓசை மூடுபனியினூடே கேட்டுக்கொண்டிருக்க, நெஹ்லூதவ் அவளைக் கெடுக்கின்றான். பின்னர் நூறு ரூபிள் தாளொன்றை அவள் கையிலே திணித்துவிட்டுப் போகின்றான். மும்முறை முத்தமும் நூறு ரூபிளும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும் முறையினை நோக்குமிடத்து, நிலமானிய உறவுகளின் உள்ளியல்பை இத்துணைச் சுருக்கமாகக் காட்டிய பிறிதொரு பகுதியை இந்நாவலிலேயே காண்பது அரிது.

கத்யூஷாவின் சாவு அந்த இரவில் நிகழவில்லை. சில மாதங்கள் கழிந்து, அவள் கருவுற்றிருக்கும்போது, இலையுதிர்கால மழையிலும் காற்றிலும் அவனைக் காணப் புகையிரத நிலையத்துக்கு ஓடுகின்றாள். அவன் ஒளி நிறைந்த முதல்வகுப்புப் பெட்டியிலே சிரித்துப் பேசியபடி அமர்ந்திருக்கிறான். வண்டி புறப்படுகிறது, அவள் மேடையின் இறுதிவரை கூடவே ஓடுகிறாள். கடவுள் மீதும் நன்மை மீதும் அவளுக்கிருந்த நம்பிக்கை அவ்விரவோடு அற்றுப்போயிற்று என்கிறார் தோல்ஸ்தோய். பாஸ்கா இரவில் அவளுக்கிருந்த கடவுள் அங்கேதான் புதைக்கப்படுகின்றார்.

சிறைச்சாலை ஆலயத்தில் நிகழும் வழிபாட்டை விவரிக்கும் இரு அத்தியாயங்கள் இதன் எதிர்முனையில் நிற்பன. ருஷ்யாவிலே தணிக்கையால் நீக்கப்பட்ட இவ்வத்தியாயங்களைச் செர்த்கோவ் இங்கிலாந்தில் வெளியிட்ட முழுப்பதிப்பு வாயிலாகவே அன்றைய வாசகர் படிக்க முடிந்தது. விலங்குகள் ஓசையிடக் கைதிகள் நிற்கின்றனர். குருவானவர் மாற்கு சுவிசேஷத்தின் இறுதிப் பகுதியைத் தெளிவாக வாசிக்கின்றார். உயிர்த்தெழுந்த கிறிஸ்து, ஏழு பிசாசுகள் நீங்கப்பெற்ற மகதலேனா மரியாளுக்கு முதலிலே தோன்றியமையும், விசுவாசிப்போர் பாம்புகளைப் பிடிப்பர், நஞ்சைக் குடித்தாலும் இறவார் என்று உரைத்தமையும் அப்பகுதியிலுள்ளன. தோல்ஸ்தோயின் ஏளனம் இங்கே உச்சத்தை அடைகின்றது. உயிர்த்தெழுதல் என்பது இப்படிப்பட்ட மந்திரஜாலமே என்று அவர் காட்ட விழைகின்றார்.

அவர் தெரிந்தெடுத்த பகுதி அவருடைய நோக்கத்தையும் கடந்து பேசுகின்றது. நஞ்சூட்டிக் கொன்றாள் என்று தண்டிக்கப்பட்டவள் கேட்டு நிற்க, நஞ்சும் தீண்டாதவரைப் பற்றிய வாசகம் படிக்கப்படுகின்றது. ஊரார் தூற்றும் பெண்ணொருத்தி நிற்கும் இடத்திலே, உயிர்ப்பின் முதற்சாட்சி ஒரு பெண் என்பது ஓதப்படுகின்றது. (மகதலேனாளைப் பரத்தையெனக் கொள்வது சுவிசேஷங்களில் இல்லாத, மேற்கத்திய திருச்சபையிற் பிற்காலத்தே வேரூன்றிய கருத்து, எனினும் தோல்ஸ்தோய் காலத்து வாசகருக்கு அது தெரிந்ததே.) மேலும், நான்காம் நூற்றாண்டுக்குரிய சினாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் இப்பகுதி இல்லை. மாற்குவின் பழைய பிரதி, வெறுங்கல்லறையைக் கண்ட பெண்கள் நடுங்கி ஓடி ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாதிருந்தார்கள் என்பதோடு நின்றுவிடுகின்றது. தோல்ஸ்தோய் எள்ளி நகையாடியது பிற்சேர்க்கையை. அச்சமும் மௌனமும் கொண்ட அந்த மூல முடிவினை அவர் தொடவில்லை. தொட்டிருப்பின், கைதிப் பெண்களின் முகங்களில் அதனைக் கண்டிருப்பார் என்று எண்ணத் தோன்றுகின்றது.

நெஹ்லூதவின் புத்துயிர்ப்புப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அவன் மனம் விழிக்கின்றது; ஹென்றி ஜோர்ஜின் கோட்பாட்டைப் பின்பற்றி நிலத்தைக் குடியானவர்க்கு விடுகின்றான்; கத்யூஷாவை மணக்க முன்வந்து சைபீரியாவரை பின்தொடர்கின்றான். இவையெல்லாம் நேர்மையான செயல்களே. ஆயினும் இவற்றின் மேலான கடுந்தீர்ப்பு நாவலுக்குள்ளேயே, அதுவும் கத்யூஷாவின் வாயிலிருந்தே வந்துவிடுகின்றது. இவ்வுலகில் என்னை வைத்து இன்பம் அனுபவித்தாய், மறுவுலகில் என்னை வைத்தே ஈடேறவும் பார்க்கிறாயா என்னும் கருத்துப்பட அவள் சிறைச்சாலையில் அவன்மேற் சீறி விழுகின்றாள். தனிமனித ஈடேற்றம் என்னும் கோட்பாட்டின்மீது இதனினும் கூர்மையான விமர்சனத்தை எந்த நாத்திகரும் எழுதியதில்லை. அவனுடைய உயிர்ப்புக்கும் அவளே கருவியாக வேண்டியிருக்கின்றது.

அவளுடைய உயிர்ப்போ வேறிடத்தில் நிகழ்கின்றது. அரசியற் கைதிகளோடு சேர்ந்து நடக்க அனுமதிக்கப்பட்ட பின்னர், தளபதியின் மகளாய்ப் பிறந்தும் மக்களோடு வாழத் தெரிந்துகொண்ட மரீயா பாவ்லவ்னாவும், பெருந்தன்மைக்காகவன்றி அவள் இருந்தவாறே அவளை நேசிக்கும் சிமன்சனும் அவளுக்குத் தோழராகின்றனர். தண்டிக்கப்பட்டோரின் கூட்டமே அவளைக் கைப்பிடித்துத் தூக்குகின்றது. கோரா ஆலயத்து ஓவியத்திலே காணும் கைகள் இவை. கடூழியம் சைபீரியக் குடியேற்றமாகக் குறைக்கப்பட்டதென்னும் அரச ஆணை வந்தபோதும் அவள் சிமன்சனோடு செல்லவே முடிவுசெய்கின்றாள். இறுதியாகப் பிரிகையில், விடைபெறும் சொல்லுக்குப் பதிலாக மன்னிப்பு வேண்டும் சொல்லொன்றையே அவள் மெல்லச் சொல்கிறாள்; அவள் தன்னை நேசிப்பதாலேயே தன்னை விடுவிக்கின்றாள் என்பதை நெஹ்லூதவ் அப்பொழுது உணர்கின்றான். புரட்சியாளர்பால் ஐயமும் விலகலும் கொண்ட ஓர் ஆசிரியர், தமது கதாநாயகியை அவர்கள் நடுவிலேயே எழுந்து நிற்கச் செய்தமை, லெனின் கூறிய முரண்பாட்டின் மிகச் சிறந்த உதாரணமாகும்.

எனினும் இவை யாவும் உயிரோடிருப்போரின் உயிர்ப்புகளே. இறந்தோர் நிலை யாது? நாவல் அவர்களை மறக்கவில்லை. யூலை மாத வெயிலிலே சிறையிலிருந்து புகையிரத நிலையத்துக்கு நடத்திச் செல்லப்படும் கைதிகளுள் இருவர் நெஹ்லூதவின் கண்முன்னே வீதியில் விழுந்து மடிகின்றனர். கொன்றது யார் எனத் தேடிப்பார்க்கின்றான். விதிமுறைகளைச் செம்மையாகக் கடைப்பிடித்த அதிகாரிகளைத் தவிர எவரும் அகப்படவில்லை. ஈற்றிலே, ஊர்சுற்றும் ஆங்கிலேயனொருவனோடு சைபீரியச் சிறையொன்றின் பிணவறைக்குள் நுழைகின்றவன், அங்கே கிடத்தப்பட்டிருப்பது காசநோயாளியான புரட்சியாளன் கிரில்த்ஸோவின் உடல் என்பதைக் காண்கிறான். முதல்நாள் வரை சினமும் வேதனையும் கொதித்த முகம் அசைவற்று, பயங்கரமான அழகோடு இருக்கின்றது. இவன் துன்புற்றது எதற்காக, வாழ்ந்தது எதற்காக என்னும் வினாக்களுக்கு விடையொன்றும் இல்லை, சாவைத் தவிர வேறொன்றும் இல்லை என்றே நெஹ்லூதவுக்குத் தோன்றுகின்றது; தலை சுற்றுகின்றது.

மக்கபேயர் நூலின் வினா இது. பாஸ்கா நம்பிக்கை பிறந்த இடத்துக்கே நாவல் தன்னையறியாது வந்து சேர்ந்துவிட்டது. தோல்ஸ்தோயின் சுவிசேஷத்தில் இவ்வினாவுக்கு விடையில்லை. ஏனெனில் அது சிலுவையோடு முடிந்துவிட்ட சுவிசேஷம். பிணவறையிலிருந்து திரும்பிய நெஹ்லூதவ் அதே ஆங்கிலேயன் கொடுத்த வேதப்புத்தகத்தைத் திறந்து, மலைப்பிரசங்கத்தின் கட்டளைகளிலே புதுவாழ்வைக் கண்டடைகின்றான். அன்ரன் செக்கோவ் 1900 ஜனவரியில் மென்ஷிக்கோவுக்கு எழுதிய கடிதத்தில் இம்முடிவைக் கடிந்துகொண்டார்: எழுதியெழுதி வந்து, எல்லாவற்றையும் ஒரு சுவிசேஷ வாசகத்தின் தலையிற் போட்டுவிடுவது மிகையான இறையியலாகும் என்பது அவர் கருத்து. செக்கோவ் சொன்னதில் உண்மை உண்டு. எமது குறைபாடோ வேறு. இறையியல் மிகுந்துவிட்டது என்பதினும், அது வேண்டிய இடத்திலே குறைந்துவிட்டது என்றே நாம் கூறுவோம். கட்டளைகள் வாழ்வோருக்கு உரியன. கிரில்த்ஸோவ் அவற்றை இனிக் கடைப்பிடிக்கப் போவதில்லை.

இறந்தபின் நீதி உண்டு என்பது சுரண்டலுக்குத் துணைபோன அபினன்றோ என்று முற்போக்காளர் வினவக்கூடும். அரசனோடும் சிறைக் காவலரோடும் கைகோத்து நின்ற திருச்சபை உயிர்த்தெழுதலை அவ்வாறுதான் வழங்கிற்று. அச்சிறை வழிபாட்டின் மீதான தோல்ஸ்தோயின் ஏளனம் முற்றிலும் தகும். மறுபுறம், உயிர்த்தெழுதலை நீதியின் உருவகமாகச் சுருக்கிவிட்டீர்கள், அது நிகழ்ந்த உண்மையன்றோ என்று விசுவாசிகள் கேட்கவும் கூடும். அது நிகழ்ந்ததா என்பதை ஒரு நாவல் விமர்சனம் தீர்த்துவைக்க முடியாது. நிகழ்ந்தது என்று அறிவித்தவர்கள் எதனை அறிவித்தார்கள் என்பதை மாத்திரமே இங்கு ஆராய்ந்தோம். கடந்தகால அநீதி நடந்து முடிந்துவிட்டது, கொல்லப்பட்டவரை எதுவும் மீட்பதில்லை என்று மாக்ஸ் ஹோர்க்ஹைமர் 1937 இல் வால்ட்டர் பென்யமினுக்கு எழுதினார். நினைவுகூர்தல், முடிந்துபோன துன்பத்தை முடிவுறாததாக்க வல்லது என்பது பென்யமினின் பதிற்குறிப்பு. இருவரும் மாக்சியத்தை உரங்கொண்டு சிந்தித்தோரே. இப்பிரச்சினை ஆலயத்துக்கு வெளியேயும் உயிரோடிருக்கின்றது என்பதற்கு அவ்வுரையாடல் போதிய சான்று.

நாவலின் வருவாயைத் தோல்ஸ்தோய், படைச்சேவையை மறுத்து 1895 இல் தம் ஆயுதங்களைக் குவித்து எரித்த துகபோர் மக்களுக்கு ஒதுக்கினார். 1899 இல் அவர்களுள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கனடா சென்று குடியேறினர். வாழ்வோர் பொருட்டு அவர் எழுதிய புத்தகம் வாழ்வோர்க்கு உதவவே செய்தது. இறந்தோரைப் பற்றிய அதன் கடைசிச் சொல் பிணவறையோடு நின்றுபோகின்றது. நெஹ்லூதவ் அவ்விரவில் வேதப்புத்தகத்தைத் திறப்பது மத்தேயுவின் பதினெட்டாம் அதிகாரத்தில். பின்னர் மலைப்பிரசங்கத்துக்குச் செல்கின்றான். நாவல் எமக்குக் காட்டும் அளவில், கல்லறையின் கல் புரட்டப்படும் இருபத்தெட்டாம் அதிகாரம் வரை அவன் பக்கங்களைப் புரட்டுவதில்லை.